ஆறு பென்ஸ் அதிகாரம்

ஜோசையா சைல்டு நல்லவர் இல்லை. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சென்னைப்பட்டினத்து வீட்டுக் கூரைகளை உலுக்கினால் எவ்வளவு பணம் உதிரும் என்று கணக்குப் போட்டவர். 1686-ல் கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரத்தில் கம்பெனி வீட்டு வரி போட்டது. ஜனங்கள் கடையடைத்தார்கள். கவர்னர் வில்லியம் கிஃபர்டு அதட்டி உருட்டித்தான் அவர்களை அடக்க வேண்டியிருந்தது. அதட்டுவதற்கும் செலவாகும் அல்லவா? வியாபாரிக்கு அது உறுத்தியது.

அடுத்த ஆண்டு, 1687-ல், சைல்டு சென்னைக்கு ஒரு கடிதம் போட்டார். அதன் சாரம் இது. நம்முடைய எதேச்சாதிகாரத்தைக் காட்டி ஆறு பென்ஸ் கேட்டால் முகம் சுளிக்கிற ஜனங்கள், தங்கள் ஆட்களே உட்கார்ந்து தங்களுக்கு வரி போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கைச் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். ஆகவே உள்ளூர்க்காரர்களையும் சேர்த்து ஒரு நகராட்சி அமையுங்கள், அவர்களுக்குக் கலர் கலராக மெல்லிய பட்டு உடுத்தும் உரிமை கொடுங்கள். ஐந்து ஷில்லிங் என்றால் அறுபது பென்ஸ். பத்து மடங்கு. முதலீடு, சில முழம் பட்டு.

1688 செப்டம்பர் 29 அன்று பிறந்த சென்னை மாநகராட்சியின் ஜாதகம் இதுதான். ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மேன்கள். அவர்களில் இங்கிலீஷ்காரர், யூதர், போர்ச்சுகீசியர், பிரெஞ்சுக்காரர், உள்ளூர் இந்து வணிகர் என்று எல்லோரும் உண்டு. யாரையும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. மேலே இருந்தவர்கள் பொறுக்கி எடுத்தார்கள். பட்டைப் பார்த்து மயங்கி நம் ஆட்கள் ஐந்து ஷில்லிங்கைக் கொட்டிவிடவும் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வரி கேட்க வருகிறவன் பிரதிநிதி என்று ஒருவனையாவது ஜோடித்து அழைத்து வர வேண்டும் என்ற கூச்சம், 1687-ல், அந்தப் பணப்பேய்க்கு இருந்தது.

அந்தக் கூச்சம் நம் காலத்தில் போய்விட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். தூரம் ஒன்றும் அதிகம் இல்லை. நம் மாநகராட்சி தொடங்கியபோது கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் பாஸ்டனில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே யேல். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன் கனெக்டிகட்டில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர். அமெரிக்கக் குடியேறிகளின் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர்தான் நமக்கு நகராட்சி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு அவர்களுடைய ஊர்க்காரர்கள், எங்கள் பிரதிநிதி உட்காராத சபை எங்களுக்கு வரி போடக்கூடாது என்று ரகளை செய்தார்கள். 1764-ல் சர்க்கரைச் சட்டம், 1765-ல் முத்திரைத்தாள் சட்டம், 1773-ல் தேயிலைச் சட்டம். அந்த 1773 டிசம்பர் 16 ராத்திரி பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் விழுந்தது. அது யாருடைய சரக்கு? ஐந்து ஷில்லிங் கணக்குப் போட்ட அதே கம்பெனியின் சரக்கு. சைல்டு செத்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அவருடைய கடிதத்தை லண்டனில் யாராவது எடுத்துப் படித்திருந்தால் தேயிலை மிஞ்சியிருக்கும்.

அமெரிக்காவில் தோற்று 1781-ல் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் துரையைக்கூட நாம் விடவில்லை. ஐந்து வருடத்தில் அவரை இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். இங்கே திப்புவோடு சண்டை போட்டார். அவருக்கு எழுப்பிய நினைவு மண்டபத்தின் பெயரில் தேனாம்பேட்டையில் இன்றைக்கும் செனடாப் ரோடு இருக்கிறது. அமெரிக்கர்கள் துரத்திய ஆளுக்கு நாம் ரோடு வைத்தோம். எங்கள் மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் போனால் பத்து நிமிடம், மெட்ரோவுக்குத் தோண்டாத நாளாக இருந்தால்.

இனி நம் கதை. 1973 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றத்தைத் தமிழக அரசு கலைத்தது. காரணம், மஸ்டர் ரோல் ஊழல். வேலைக்கு வராத ஆட்களின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதிச் சம்பளம் எடுத்தார்கள் என்பது புகார். ஊழல் செய்தவர்களைப் பிடித்து உள்ளே போடலாம், அதோடு உடனே மறு தேர்தலும் வைக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இல்லை. அடுத்த மாநகராட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! இல்லாத தொழிலாளிக்குச் சம்பளம் எழுதியது குற்றம் என்று சொல்லி, இல்லாத மன்றத்தின் பெயரால் கால் நூற்றாண்டு வரி வாங்கினார்கள். இதைவிடப் பெரிய மஸ்டர் ரோல் எங்கே இருக்கிறது?

இந்த இருபத்து மூன்று வருடத்துக்கு ஒரு கட்சியை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது. கலைத்தது திமுக. பிறகு வந்தது குடியரசுத் தலைவர் ஆட்சி, அப்புறம் எம்ஜிஆர், மறுபடி திமுக, மறுபடி கவர்னர், பிறகு ஜெயலலிதா. சட்டசபையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் தாயும் பிள்ளையுமாக இருந்தார்கள். 1986-ல் மற்ற நகராட்சிகளுக்கெல்லாம் தேர்தல் நடந்தபோதும் தலைநகருக்குக் கிடையாது. பத்து வயதில் கவுன்சிலரைப் பார்த்த மந்தைவெளிப் பையன் அடுத்த கவுன்சிலரைப் பார்த்தபோது அவனுக்கு முப்பத்து மூன்று வயது ஆகி, அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

மன்றம் இல்லாத அந்த வீட்டில்தான் பாத்திரங்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 1978-ல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து போய் மெட்ரோ வாட்டர் வாரியம் ஆனது. நகரத் திட்டம் இன்று சிஎம்டிஏ என்று அழைக்கப்படும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கைக்குப் போனது. குடிசைகளுக்கும் வீடுகளுக்கும் அதற்கு முன்பே வேறு வேறு வாரியங்கள் வந்திருந்தன. ஏன் என்று கேட்க வேண்டிய மன்றம் பூட்டிக் கிடந்தது. இன்றைக்கு நம் தெருக் குழாயில் சாக்கடை வாடை வந்தால் கவுன்சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்: “அது மெட்ரோ வாட்டர் சார்.” அவர் சொல்வது பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாநகராட்சியைக் கலைத்தது 1973 டிசம்பர். மாநில சுயாட்சி கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் புகழ்பெற்ற தீர்மானத்தை நிறைவேற்றியது 1974 ஏப்ரல். டில்லி எங்கள் அதிகாரத்தைப் பறிக்கிறது, மக்கள் தேர்ந்தெடுத்த அரசை மதிக்கவில்லை என்று ஐந்து நாள் காரசாரமாகப் பேசினார்கள். பேசியது அத்தனையும் நியாயம். நான் அந்தத் தீர்மானத்தின் பக்கம்தான். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்த கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை மன்றக் கூடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தபோது பேசினார்கள். டில்லி சென்னைக்குச் செய்யக்கூடாதது, சென்னைக் கோட்டை சென்னை நகரத்துக்குச் செய்யலாமாம். சுயாட்சி என்ற சரக்கு டில்லியிலிருந்து புறப்பட்டு ஜார்ஜ் கோட்டை வரைக்கும் வந்து இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து ரிப்பன் மாளிகைக்குப் போக அதற்கு பஸ் கிடையாது.

1976 ஜனவரி 31 அன்று இந்திரா காந்தி அந்த அரசைக் கலைத்தார். ஜனநாயகப் படுகொலை என்று குரல் எழுந்தது. ஆமாம், படுகொலைதான். ஆனால் ரிப்பன் மாளிகையில் இரண்டு வருடமாக நாறிக்கொண்டிருந்த பிணத்துக்கு யாரும் மூக்கைக்கூடப் பொத்திக்கொள்ளவில்லை.

இந்தக் கூத்தை நிறுத்தத்தான் அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் வந்தது. 1993 ஜூன் 1 முதல் அமல். அதில் 243-யு என்ற பிரிவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. நகராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை. ஆயுள் முடிவதற்குள் தேர்தல் முடிந்திருக்க வேண்டும். நடுவில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை படித்தாலே புரியும். கோட்டையில் உள்ளவர்களுக்குப் புரிய இன்னும் கொஞ்ச காலம் பிடிக்கும் போலிருக்கிறது.

2016 அக்டோபரில் மன்றத்தின் ஆயுள் முடிந்தது. தேர்தல் அறிவிப்பு வந்திருந்தது. பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு முறையாக இல்லை என்று திமுக வழக்குப் போட்டது. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. சரி, பிழையைத் திருத்திக்கொண்டு மூன்று மாதத்தில் நடத்தலாம். ஆளும் அதிமுகவுக்கோ கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. 2017 நவம்பர் 17-க்குள் நடத்து என்று நீதிமன்றம் சொன்னது. நடத்தவில்லை. வார்டு மறுவரையறை என்றார்கள், மக்கள்தொகைக் கணக்கு என்றார்கள், மேல்முறையீடு என்றார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சட்டசபையில் ஒரு மசோதா வரும்: தனி அலுவலர்களின் பதவிக்காலம் மேலும் ஆறு மாதம் நீட்டிப்பு. மேசையைத் தட்டுவார்கள், நிறைவேறும். சென்னைக்கு அடுத்த மன்றம் வந்தது 2022 மார்ச்சில்.

தனி அலுவலர் யார் என்று தெரியாதவர்களுக்காக: மாநகராட்சி ஆணையர்தான் தனி அலுவலர். அதாவது நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டிய 200 கவுன்சிலர்களின் வேலையையும் அந்த நிர்வாகத்தின் தலைவரே பார்ப்பார். எனக்கு அந்தக் கோப்பை நினைத்தால் புல்லரிக்கிறது. அனுப்புநர், ஆணையர். பெறுநர், தனி அலுவலர். ஐயா, தாங்கள் இந்த டெண்டருக்கு ஒப்புதல் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். முன்மொழிந்தவர் அவரே, வழிமொழிந்தவர் அவரே, எதிர்ப்பு இல்லாததால் ஏகமனதாக நிறைவேறியது. வெளிநடப்பு செய்ய வேண்டும் என்றால்கூட அவரேதான் செய்ய வேண்டும். தனிப்பட்ட முறையில் அந்த அதிகாரிகளில் சிலர் இரவு பகல் பாராமல் உழைத்தார்கள். மறுக்கவில்லை. ஆனால் அவர்களைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தடவை தோற்கடிக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

அந்த ஐந்தரை வருடம் சாதாரணமான ஐந்தரை வருடமா? 2016 டிசம்பரில் வர்தா புயல், தெருவுக்கு நாலு மரம் விழுந்தது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு உலகப் பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்தது. 2020, 2021 கொரோனா. 2021 நவம்பரில் வெள்ளம். இத்தனைக்கும் 200 வார்டிலும் கவுன்சிலர் பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஆள் இல்லை. 2019 ஜூனில் மந்தைவெளிச் சந்துகளில் விடியற்காலை நாலு மணிக்கு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. பச்சை, ஆரஞ்சு, நீலம். குடத்துக்குப் பதில் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடித்தவர்களும் உண்டு. லாரி வரும் நேரத்துக்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. “யாராண்ட போய் கேக்கறது சார்? கேக்கறதுக்குன்னு ஒரு ஆளு வேணுமில்ல?” என்று ஒரு அம்மா கேட்டார். அரசியல் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய வக்கீலை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், 2018 ஜூலையில், சொத்து வரியை ஏற்றினார்கள். வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, மற்ற கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை. 1998-க்குப் பிறகு ஏற்றாத வரி, ஏற்ற வேண்டியதுதான். தண்ணீரும் வெளிச்சமும் குப்பை வண்டியும் சும்மா வராது. என் சண்டை தொகையோடு இல்லை. ஏற்றியவர் யார்? அந்த நகரத்தில் ஒருவர்கூட அதற்காகத் தேர்ந்தெடுக்காதவர். தேர்ந்தெடுத்த ஒரே ஒரு கை கூட அந்த மன்றத்தில் உயரவில்லை, தாழவில்லை. பாஸ்டன்காரர்கள் இதற்குத்தான் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். நாம் வரியை ஆன்லைனில் கட்டி, சீக்கிரம் கட்டியதற்குத் தள்ளுபடி கிடைத்ததா என்று பார்த்து, ரசீதைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டோம்.

அப்போது சொல்லப்பட்ட சமாதானத்தை மறக்கக்கூடாது. கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன, சென்னைக்கு 16 எம்எல்ஏக்கள் இருக்கிறார்களே, மூன்று எம்பிக்கள் இருக்கிறார்களே, அவர்கள் உங்கள் குரல் இல்லையா? அடடா, என்ன புது யோசனை! 1765-ல் பிரிட்டனின் பிரதமர் கிரென்வில் தரப்பு அமெரிக்கர்களுக்குச் சொன்னதும் இதேதான். நீங்கள் ஓட்டுப் போடாவிட்டால் என்ன, பார்லிமென்ட் உறுப்பினர் ஒவ்வொருவரும் சாம்ராஜ்யம் முழுவதற்கும் பிரதிநிதிதான், மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட எம்பி கிடையாது, அவர்கள் அழுகிறார்களா என்று கேட்டார்கள். மான்செஸ்டருக்கு எம்பி கிடைக்க 1832 ஆனது. அமெரிக்கர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. இருநூற்று ஐம்பது ஆண்டு பழைய அந்த ஊசிப்போன வாதத்தைத்தான் சூடு பண்ணி நம் இலையில் பரிமாறினார்கள்.

கதை இன்னும் பொருந்துகிறது. எதிர்ப்பு முற்றியதும் 1766 மார்ச்சில் லண்டன் முத்திரைத்தாள் சட்டத்தை வாபஸ் வாங்கியது. அதே நாளில் இன்னொரு சட்டத்தையும் போட்டது: உங்களுக்கு எந்த விஷயத்திலும் எந்தச் சட்டமும் போட எங்களுக்கு முழு உரிமை உண்டு. நம்மூரில் 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற வாசனை அடித்ததும், சொத்து வரி உயர்வை அரசு நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றது. வீட்டுக்காரர்கள் மகிழ்ந்தார்கள். வரியை ஏற்ற நம்மைக் கேட்கவில்லை, இறக்கவும் கேட்கவில்லை. எஜமான் கோபத்தில் அடித்தார், நல்ல மூடில் தடவிக்கொடுத்தார். நாம் வாலை ஆட்டினோம்.

ஆளுகிறவர்களை மட்டும் திட்டிக்கொண்டு போனால் மந்தைவெளிக்காரர்களாகிய நாம் தப்பித்துவிடுவோம். விடமாட்டேன்.

எட்டு வீடு கொண்ட ஒரு ஃப்ளாட். சம்ப் கழுவும் செலவுக்காக மாத மெயின்டனன்ஸில் 200 ரூபாய் கூட்ட வேண்டும் என்று அசோசியேஷன் செக்ரட்டரி வாட்ஸ்அப்பில் போடுகிறார். வந்தது வினை. மொட்டை மாடியில் ஜெனரல் பாடி மீட்டிங். ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் மாமா போன வருடக் கணக்கைக் கேட்கிறார். மூன்று கொட்டேஷன் வாங்கினீர்களா என்கிறார் இரண்டாம் மாடி. யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள், இது என்ன சர்வாதிகாரமா என்று முதல் மாடி மாமி குரல் உயர்த்துகிறார். காபி ஆறுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து ஓட்டெடுப்பு. மினிட்ஸ் எழுதிக் கையெழுத்து. பிலடெல்ஃபியாவில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்குக் கையெழுத்துப் போட்டபோதுகூட இவ்வளவு காரம் இருந்திருக்காது. அதே எட்டு வீட்டுக்காரர்களும், நகரத்துக்கு மன்றமே இல்லாத ஐந்தரை வருடத்தில், யாரைக் கேட்டு என்ற ஒரு கேள்வியைக் கேட்டு ஒரு தபால் கார்டு போட்டிருப்பார்களா? டிசம்பர் சீசனில் முன் வரிசை சீட்டுக்காக சபா செக்ரட்டரியை உலுக்கி எடுப்பார்கள். ரிப்பன் மாளிகையில் மன்றக் கூடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கூகுளைத் தட்டுவார்கள்.

2022 பிப்ரவரி 19 அன்று ஒருவழியாக நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. சென்னையில் 43 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. மாநிலத்திலேயே கடைசி. ஐந்தரை வருடம் பட்டினி போட்டு இலை போட்டால் பாதிப் பேருக்கு மேல் பசி இல்லை என்று எழுந்து போய்விட்டார்கள். நம்மைப் பார்த்துத்தான் கோட்டைக்காரர்களுக்கு இந்தத் துணிச்சல் வருகிறது. தேர்தல் நடத்தாவிட்டால் அழ ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

வந்த மன்றத்தின் கதையையும் கேளுங்கள். 200 வார்டில் 153 திமுகவுக்கு. மேயராக 28 வயது ஆர். பிரியா வந்தார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண். மனசார மகிழ வேண்டிய விஷயம். இந்த மாநகராட்சிக்கு 1688-ல் மேயர் வந்தார், ஒரு தலித் பெண் வந்து உட்கார 334 வருடம் ஆனது. மார்ச் 4 அன்று அவர் பதவியேற்றார். ஒரு மாதம்கூட முடியவில்லை, ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு என்று அரசு அறிவித்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. நிதி ஆணையத்தின் நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் முதலில் கோட்டை அறிவித்தது. பிற்பாடு மன்றம் தீர்மானம் போட்டது. புது மருமகள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே நுழைவதற்கு முன்பே, என்ன சமைக்க வேண்டும் என்று மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

சைல்டின் கடிதம் அப்போது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. 2018-ல் நமக்கு நடந்தது ஆறு பென்ஸ் வழி, எதேச்சாதிகாரம். 2022-ல் நடந்தது ஐந்து ஷில்லிங் வழி. மன்றம் உண்டு, மேயருக்குச் சிவப்பு அங்கி உண்டு, செங்கோல் உண்டு. தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. கம்பெனியின் மூளை ரிப்பன் மாளிகையில் இன்னும் உயிரோடு இருக்கிறது, கட்சி வேட்டி கட்டிக்கொண்டு. கவுன்சிலரை விட்டால் ஏரியா சபை என்று ஒன்று 2022 நவம்பரில் வந்தது. நல்ல ஏற்பாடுதான், உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுக்க முடியுமானால். நியமனமாம். 1688-லும் நியமனம்தான்.

அமெரிக்கக் குடியேறிகளைத் தியாகிகளாக்கி மாலை போடவும் எனக்கு மனமில்லை. பாஸ்டனில் தேயிலையைக் கொட்டியவர்கள் மோஹாக் பழங்குடியினரைப் போல வேஷம் கட்டிக்கொண்டு போனார்கள். சுதந்திரம் கிடைத்த பிறகு அந்தப் பழங்குடியினருக்கு இடம் கொடுத்தார்களா? 1787-ல் அரசியல் சட்டம் எழுதும்போது, அடிமைகளுக்கு ஓட்டு இல்லை, ஆனால் எஜமானர்களின் மாநிலத்துக்கு அதிக உறுப்பினர்கள் வேண்டும் என்பதற்காக ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணிக்கொண்டார்கள். பிரதிநிதித்துவத்துக்காகச் சண்டை போட்டவர்கள் மற்றவரின் பிரதிநிதித்துவத்தைத் திருடித் தங்கள் பையில் போட்டுக்கொண்ட கதை அது. அவர்களுடைய தலைநகரத்துக்கே இன்றுவரை காங்கிரஸில் ஓட்டுரிமையுள்ள ஓர் உறுப்பினர் கிடையாது. பிரதிநிதித்துவம் இல்லாத வரி விதிப்பை நிறுத்து என்று வாஷிங்டன்காரர்கள் தங்கள் கார் நம்பர் பிளேட்டில் எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் வண்டிகளில் கட்சிக் கொடியும் சங்கப் பெயரும் இருக்கும்.

இங்கேயும் அதே திருட்டு வேறு உருவத்தில் உண்டு. நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் பங்கு குறையக்கூடாது என்று 2025 மார்ச் 22 அன்று சென்னையில் பல மாநிலத் தலைவர்களைக் கூட்டினார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியவனுக்குத் தண்டனையா என்ற கேள்வி நூற்றுக்கு நூறு சரி. அதே ஆண்டு ஜனவரியில், 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடத்தினார்களா? தனி அலுவலர்களைப் போட்டார்கள். பிரதிநிதித்துவம் பறிபோகிறது என்று மேடையில் கண் கலங்கியவர்கள், பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வேறு பூட்டு வாங்கி மாட்டியிருந்தார்கள். டில்லியிலிருந்து ஓர் ஆள் வந்து, நீங்களும்தானே கிராமத்துக்கும் நகரத்துக்கும் பிரதிநிதி இல்லாமல் வருடக்கணக்கில் ஆண்டீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்லப்போகிறோம்? தமிழ்நாட்டின் நியாயமான வழக்கை எதிராளியிடம் விற்பவர்கள் இந்தத் தனி அலுவலர் மசோதாவுக்கு மேசை தட்டியவர்கள்தான். அதில் எந்தக் கொடிக்கும் விதிவிலக்கு இல்லை.

இப்போதைய சென்னை மன்றம் பதவியேற்றது 2022 மார்ச் தொடக்கம். அதன் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று 243-யு சொல்கிறது. வார்டு எல்லை சரியில்லை, பட்டியல் சரியில்லை, மழை, பரீட்சை, வழக்கு என்று ஏதாவது ஒரு சாக்கு அதற்குள் முளைக்கும். மந்தைவெளிக்காரர்களே, உங்கள் ஃப்ளாட் செக்ரட்டரியிடம் கேட்கும் அந்தக் குரலில், உங்கள் எம்எல்ஏவிடம் தேர்தல் தேதியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மொட்டை மாடியில் அல்ல, ரிப்பன் மாளிகை வாசலில் ஜெனரல் பாடி மீட்டிங் போடுங்கள். தேதி அறிவித்தால், அன்றைக்கு மட்டுமாவது ஓட்டுச்சாவடிக்குப் போய்த் தொலையுங்கள்.